பால் ஆறும் வரை

கைமோசி மேட்டில் காலை ஆறு மணி.
தேயிலைமேல் படுத்த பனி இன்னும் எழவில்லை.
கூட்டுறவுக் கொட்டகையின் தகரக் கதவை
ஒன்பது வருடமாக நான்தான் திறக்கிறேன்.

வரிசையில் நாலாவது, லுகோன்சோவின் கேன்.
குவளையில் ஊற்றி லாக்டோமீட்டரை விட்டேன்.
கண்ணாடிக் கழுத்து ஒருமுறை குதித்து
மெல்ல அமிழ்ந்தது.
இருபத்துநான்கு.

இருபத்தெட்டுக்குக் கீழே போனால் தண்ணீர்.
இரண்டுமுறை எச்சரிப்போம், மூன்றாவதில்
பெயரை அடித்துவிடுவோம்.
அவனுக்கு இரண்டும் ஆகிவிட்டது.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
ஒரு ரப்பர் பூட்சின் செம்மண்ணை
மறு பூட்சால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
ஒரே பசு. அதற்கும் மடிநோய்.
மகளுக்கு இரண்டாம் பருவக் கட்டணம்.
எதையும் அவன் சொல்லவில்லை.
இந்த மேட்டில் யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் சபையில் ஒருவரையொருவர் நண்பர் என்போம்.
சத்தியம் செய்யமாட்டோம்,
நீதிமன்றத்தில்கூட வேதத்தின்மேல் கை வைக்கமாட்டோம்.
ஆம் என்றால் ஆம்.
அதற்குமேல் ஒரு சொல்லை அடுக்கினால்
முதல் சொல் ஆட்டம் கண்டிருக்கிறது என்று அர்த்தம்.
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு
இதைச் சொல்லித்தருபவளும் நான்தான்.

"பால் இன்னும் சூடு" என்றேன்.
"சூட்டில் அளவு குறைத்துக் காட்டும். ஆறட்டும்."
விதிப்புத்தகத்தில் உள்ளதுதான், பொய்யில்லை.
எல்லோருக்கும் நான் அதைச் சொல்வதில்லை,
அதுவும் பொய்யில்லை.

தண்ணீர்த் தொட்டியில் குவளையை நிறுத்தினேன்.
வரிசை முணுமுணுத்து, பிறகு ஓய்ந்தது.
முன்னோர்கள் ஆராதனையில்
ஒரு வார்த்தையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.
எங்களுக்கு இப்போது மைக், பாடகர் குழு, பிரசங்கம்.
மௌனம் எப்படி இருக்கும் என்று
ஒரு மாட்டுக்கொட்டகை வாசனையில் தெரிந்துகொண்டேன்.

முதலில் வந்தது இரக்கம், வழக்கம்போல் மூச்சிரைக்க:
நாலு புள்ளிதானே,
பெரிய தொட்டியில் விழுந்தபின் யார் கண்டது?

லுகோன்சோவுக்குப் பின்னால் இமாலி இருமினாள்.
கணவன் இல்லாதவள். கையில் மூன்று லிட்டர்.
தொட்டி நீர்த்தால் விலை அவளுக்கும் இறங்கும்.
அவள் பாலை எடுத்து இவனுக்கு இரங்க
எனக்கு யார் உரிமை தந்தது?
ஏழைக்காக வயலோரத்தை அறுக்காமல் விடு என்ற கட்டளை
அடுத்தவர் வயலைக் காட்டவில்லை.

நல்ல நியாயம்.
என்மேல் எனக்கே மதிப்பு வந்துவிட்டது.
அந்த மதிப்போடு லெட்ஜரைப் பின்னோக்கிப் புரட்டினேன்,
அவனுடைய பழைய எச்சரிக்கைகளின் தேதி பார்க்க.

மார்ச் பதினொன்று. என் கையெழுத்து.
முதாக்கி, என் தம்பி: இருபத்தெட்டு.
எட்டின் இடுப்பில் ரப்பர் தேய்த்த அழுக்கு.
அன்று குழாயில் நான் கண்டது இருபத்தைந்து.
கல்யாணச் செலவு என்றான்,
நான் பென்சிலைத் திருப்பிப் பிடித்தேன்.
மறந்தே போயிற்று என்று இப்போது சொன்னால்
அதற்குமேல் ஒரு சத்தியமும் அடுக்கவேண்டி வரும்.

பால் ஆறியிருந்தது.
மறுபடி விட்டேன்.
குதித்தது, அமிழ்ந்தது, நின்றது.
இருபத்தைந்து.

கர்த்தரே என்று கூப்பிட வாய் வரவில்லை.
கூப்பிட்டிருந்தால்
ஏற்கெனவே கேட்டதற்கு என்ன பதில் என்பார்.

அவன் பெயருக்கு நேரே இருபத்தைந்து எழுதினேன்.
பிறகு மார்ச்சுக்குப் போய்
தம்பியின் எண்ணை அழிக்காமல்
ஒரே கோடு போட்டு அடித்தேன்.
பக்கத்தில் இருபத்தைந்து, இன்றைய தேதி, மினாயோ.
இரண்டையும் வரிசை கேட்க வாசித்தேன்.
வரிசையில் ஒன்பதாவதாக நின்றிருந்தான் முதாக்கி.

லுகோன்சோ கேனைத் தூக்கிக்கொண்டான்.
வாசல்வரை போய்த் திரும்பினான்.
"அன்று அவனுக்குச் செய்ததை
இன்று எனக்கும் செய்திருக்கலாம், நண்பரே."

அதுவும் ஒரு நியாயம்.
அதைத் தூக்கி எந்தத் தொட்டியில் ஊற்றுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

இமாலி தன் மூடியைத் திறந்தாள்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.