பொருள் எண் நான்கு

சமுதாயக் கூடத்தில் முந்தின நாள் கல்யாணம்.
மேடையில் தெர்மாகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன,
மணமகன் பெயரில் மட்டும் ஒரு கொம்பு உதிர்ந்து.
அதன் கீழே நாற்காலி போட்டார்கள்
கவுன்சிலருக்கு, சுகாதார அலுவலருக்கு, இன்ஸ்பெக்டருக்கு.
எனக்கு ஓரத்தில் ஒரு டீப்பாய்.
குறிப்பெடுப்பவள். ஒப்பந்தம், பதினோரு மாதம்.

ஒன்று, குடிநீர் லாரி.
இரண்டு, நாய்கள்.
மூன்று ஒத்திவைக்கப்பட்டது.
நான்கை அலுவலர் தாளிலிருந்து கண் எடுக்காமல் வாசித்தார்:
ஊசிவழிப் போதை கொள்வோருக்குக்
கண்காணிக்கப்பட்ட மையம், சோதனை முறையில்,
புளியந்தோப்பு பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில்.

முடிப்பதற்குள் கூடம் எழுந்து நின்றது.

"எங்க வரிப்பணத்துல நீங்களே குத்தி வுடுவீங்களா?"
"ஸ்கூலு எதிர்லயே சார்."
"இன்னிக்கு ஊசிக்கு ரூமு, நாளிக்கு கஞ்சாவுக்கு ஏசி ஹாலா?"
பின்வரிசையில் ஒருவர், உட்கார்ந்தபடியே:
"டாஸ்மாக் பக்கத்துல டேபிளு, ஃபேனு, சைடிஷ்ஷு போட்டு வெச்சிக்கிறீங்களே,
அது இன்னா மையம்?"
சிரித்தார்கள். 'சலசலப்பு' என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் சட்டப் பிரிவுகளைச் சொன்னார்.
எண்களை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன்.
மருந்துக் கடைச் சங்கத்துக்காரர்
சீட்டு இல்லாமல் வலி மாத்திரை தருவதே இல்லை என்றார்.
அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

தூய்மைப் பணியாளர் தேசம்மா மைக்கை வாங்காமலே பேசினார்:
"வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல.
கால்வா ஓரம் அள்ளச் சொல்ல ரெண்டு தபா குத்திக்கிச்சி.
ஆறு மாசம் ரத்தம் எடுத்தாங்க, வூட்ல சொல்லல.
ஊசி எல்லாம் ஒரு டப்பால வுழுந்தா போதும்.
டப்பா எந்தத் தெருவுலன்னு நீங்க பேசிக்குங்க."

பிறகு எபினேசரின் அம்மா.
பெயர் கேட்டேன். செலின் என்றார், அப்புறம்
எபினேசர் அம்மான்னே போடுங்க என்றார்.

"பொதுக் கக்கூஸ்ல தாப்பா போட்டுக்கினு உக்காந்துட்டான்.
ராத்திரி பூரா வெளிய க்யூ.
தட்டுனாங்க, திட்டுனாங்க, அடுத்த கதவுக்குப் போய்ட்டாங்க.
காலைலதான் ஒடச்சாங்க.
நான் ஊசி போட எடம் கேக்கல சார்.
அந்நேரத்துக்கு யாராச்சும் பாத்துக்கினு இருந்திருந்தா."

வாக்கியம் அங்கேயே நின்றது. குறிப்பில் முடித்து எழுத வேண்டும்.

தாளில் இருப்பது கண்காணிப்பு.
கம்பத்தில் கேமரா, காக்கி, கையெழுத்துப் பதிவேடு.
அந்த அம்மா சொன்னது பார்த்துக்கொள்வது.
மின்சார ரயிலில் முன்பின் தெரியாதவரிடம்
பையைக் காட்டி, கொஞ்சம் பாத்துக்குங்க என்று
இறங்கித் தண்ணீர் பிடிக்கப் போவோமே, அது.
இரண்டுக்கும் ஒரே கண்தான்.

கை தூக்கச் சொன்னார்கள்.
என் இடது கை தாளில், வலது கையில் பேனா.
ரேஷன் கடையிலிருந்து நான்காவது வாசல் என்னுடையது.
என் மகள் டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் போகிறாள்.
கை காலியாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் தூக்கியிருப்பேன்?
குறிப்பெடுப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. நல்லது.

இன்னொன்றும் குறிப்பில் வராது.
அன்று எங்கள் லைன் வீட்டில் மோட்டார் ஓடவில்லை.
அந்த க்யூவில் நானும் இருந்தேன்.
மூன்றாவதாகத் தட்டியவள் நான்.
ஆள் இருக்கு என்று உள்ளிருந்து குரல் வரும்,
வரவில்லை.
மரியாதை தெரியாத ஜென்மம் என்றேன், சத்தமாகவே.
என்றுதான் நினைக்கிறேன். அதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

பொருள் நான்கு: பலர் கருத்துரைத்தனர். ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் மண்டல அலுவலகத்தில் அதை டைப் அடித்து,
மூன்று பிரதி எடுத்து, கழிப்பறைக்குப் போனேன்.
ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது,
யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆள் இருக்கு, என்றேன்.
காலடி நகரவில்லை.
ஆள் இருக்குங்க, என்றேன், மறுபடியும்.