நாடி அறுபத்திரண்டு

சாக்கோ காட்டில் மழை பெய்து
நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.
கெப்ராச்சோ மரத்தின் நிழல்கூட
முள்ளாகத்தான் விழுந்தது.
நான் மருத்துவ உதவியாள், கிறிசாந்தோ ஓவெலார்.
பையில் அயோடின் இருந்தது, கட்டுத்துணி இருந்தது.

கேப்டன் ஃபுல்ஹென்சியோ இர்ராசாபலுக்கு
நூற்று அறுபது பேரின் அம்மா பெயரும் தெரியும்.
"ரமோனா அம்மா கடிதம் போட்டார்களா?" என்பார் குவாரனியில்.
கேட்கப்பட்டவன் அன்றிரவு
காவலுக்குத் தானே எழுந்து போவான்.
என் அம்மா பெயர் டியோனிசியா.
அவர் வாயில் அது அழகாக இருந்தது.

குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை
பந்தயத்துக்காக அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
அறுபத்திரண்டு.
என்னுடையது எண்ணுவதற்குள் ஓடியது.
இப்படி ஒருவர் கீழிருக்கக் கொடுத்துவைத்தோம் என்று நினைத்தேன்.
அப்படி நினைத்ததை இங்கே மறைக்கவில்லை.

தண்ணீர் லாரி வந்தது.
ஓட்டி ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்திருந்தான்,
ஆறு பீப்பாயில் நான்கு ஓட்டை.
கிணறு பன்னிரண்டு கிலோமீட்டரில், எதிரி கையில்.
லெஃப்டினன்ட் காசல், "பாதிப் பாதி" என்றான்.
சொல்லும்போதே அழுதான்,
கண்ணீர்தான் வரவில்லை, உடம்பில் இல்லை.
கேப்டன் பென்சிலைக்கூட எடுக்கவில்லை.
"பாதி குடித்தவன் பாதி வழியில் விழுவான்.
முழுக்க முதல் குழுவுக்கு."
பிறகு இரண்டாம் குழுவிடம் போய்
ஒவ்வொரு தோளாகத் தொட்டு,
இன்னொரு லாரி வருகிறது என்றார்.
இன்னொரு லாரி கிடையாது.

கிணற்றைப் பிடித்தோம்.
எண்பது பேரில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.
நான் முதல் குழு,
அதனால்தான் இது எழுதப்படுகிறது.
காசல் கட்டளையிட்டிருந்தால்
நூற்று அறுபது பேரும் நியாயமாகச் செத்திருப்போம்.
நாற்பது வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன்,
கணக்கில் பிழை இல்லை.

பிழை மார்ச்சில் வந்தது.
அப்போது மழை பெய்திருந்தது.
எல்லாக் குட்டையிலும் தவளைச் சத்தம்.
இருபத்து மூன்று கைதிகள், பொலீவிய மலைக்காரர்கள்,
ஸ்பானியமும் தெரியாமல் எங்கள் பேச்சும் தெரியாமல்
வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள்.
மரக் கிடங்கில் வைத்துப் பூட்டச் சொன்னார்.
சாவி அவர் சட்டைப் பையில்.
கொம்புக் குவளையில் தெரேரே உறிஞ்சியபடி
காலாட்டிக்கொண்டிருந்தார், இரண்டு நாள்.
மூன்றாம் நாள்தான் எனக்கு வாய் வந்தது.
"ஓ, அவர்களா" என்றார்,
கடையில் விட்டுவந்த குடையைப் பற்றிச் சொல்வதுபோல.
வெறுத்திருந்தால்கூடத் தேவலை.
மறந்துவிட்டிருந்தார்.
கதவைத் திறந்தது நான்.
வெளியே தவளைகள் நிறுத்தவே இல்லை.

போர் முடிந்து அசுன்சியோனில்
ராணுவ மருத்துவ வாரியத்தில் ஒரு மேசை கிடைத்தது.
காசல் வந்தான். பேனா பிடிக்க முடியாத கை.
தூங்கும்போது பீப்பாய் உருளும் சத்தம் கேட்கிறதாம்.
பணிக்குத் தகுதியில்லை என்று
முத்திரை குத்தியது நான்தான்.

அதே மாதம் இர்ராசாபல்,
கர்னல் பதவிக்கான பரிசோதனை.
தூக்கம்: நன்று.
கை நடுக்கம்: இல்லை.
கெட்ட கனவு: இல்லை.
நெஞ்சில் ஈரம் உண்டா என்று கேட்கும் கட்டம்
அந்தத் தாளில் அச்சிடப்படவில்லை.
இருந்திருந்தாலும்
தெர்மாமீட்டரை அதற்கு எங்கே வைப்பது?

மணிக்கட்டைப் பிடித்தேன்.
சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடம் சுற்றியது.
என்ன எண் என்று உங்களுக்குத் தெரியும்.
அவர் என் முகத்தைப் பார்த்து,
தேடாமல், யோசிக்காமல்,
"டியோனிசியா அம்மா நலமா?" என்றார்.

அம்மா இறந்து ஆறு வருடம்.
"நலம், கர்னல்" என்றேன்.
கேட்டாரே என்று
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.