வாரிசு இல்லை

என் குடும்பப் பெயர் ஆச்சுன்.
உண்மையில் அது குடும்பப் பெயரே இல்லை.
'ஆ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'ஏய்' மாதிரி,
பழகியவர்களைக் கூப்பிடுவது.
கய்யாவ் துறைமுகத்தில் வரிசை நகர்ந்தபோது
பின்னாலிருந்து எவனோ 'ஆ சுன்' என்று கூப்பிட,
குமாஸ்தா அதையே எழுதிக்கொண்டான்.
அந்தக் கூப்பாட்டைத்தான்
சிக்லாயோவில் நாற்பத்து மூன்று பேர்
அடையாள அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும்
என் மருந்துக்கடைப் பலகையிலும்
எழுதிவருகிறோம்.

ஷுய்பூவில் எல்லோரும் தாம்.
பெட்டிக்கடை தாம், பன்றிப்பண்ணை தாம்,
மின்கம்பத்தில் ஒட்டிய இரங்கல் தாளிலும் தாம்.
காரோட்டி வந்த கிட்-ஹோய் மட்டும் வேறு ஊர்.
லிமாவில் நான்கு வருஷம் ஹோட்டலில் வேலை பார்த்தவன்.
ஸ்பானிஷில் சமையலறைக் கெட்ட வார்த்தைகள் சுத்தமாக வரும்,
மற்றதை ஊகித்துக்கொள்வான்.

வீட்டில் இருந்தவர் பெயர் தாம் விங்-சௌ.
அறுபது இருக்கும். தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர்.
கிரீஸ் கையோடு வாசலை மறித்து நின்றார்.
நான் வாய் திறக்கும் முன்னே
பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினார்:
வீட்டுப் பத்திரம், மின்கட்டண ரசீது,
கூரை மாற்றிய செலவுக் கணக்கு.
"வீடு கேட்க வரவில்லை என்று சொல்."
கிட்-ஹோய் சொன்னான்.
"அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்றாராம்.

தேநீர் வந்தது.
வெகு நேரம் கழித்துப் புத்தகம் வந்தது.
குலப் பதிவேடு. தலைமுறைக்கு ஒரு வரிசை,
ஆணுக்கு ஒரு கட்டம்.
பெண்ணுக்குக் கட்டமில்லை என்று
வழியிலேயே கிட்-ஹோய் எச்சரித்திருந்தான்.
விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
இருபத்தோராவது வரிசையில் நிறுத்தினார்.
என் கொள்ளுத்தாத்தா. நான்கு வரி:

கடல் தாண்டிப் பெரு போனவர்.
அங்கேயே இறந்தார்.
வாரிசு இல்லை.
தம்பியின் மூன்றாம் மகன் சுவீகாரம்.

அந்தச் சுவீகாரப் பிள்ளையின் பேரன்தான்
எதிரே உட்கார்ந்திருக்கும் மோட்டார்க்காரர்.
எனக்கு என்ன முறை வேண்டும்?
இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணினோம்.
நடுவில் தடுமாறிய கிட்-ஹோய்
"ஏதோ ஒரு அண்ணன்" என்று முடித்துவைத்தான்.

பிறகு ஒரு தகரப் பெட்டி. பணம் வந்த காகிதங்கள்.
ஹாங்காங் முத்திரை, தொகை, தேதி.
ஒரு தேதி எனக்குத் தெரியும்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, ஆகஸ்ட்.
அந்த மாதம்தான் எங்கள் கொள்ளுப்பாட்டி எர்மெலிந்தா
தையல் மெஷினை அடகு வைத்தாள்.
சீட்டு இன்னும் எங்கள் மேசை அறையில் கிடக்கிறது.
மனுஷன் சூதில் விட்டதாகவே
கடைசிவரை நம்பினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பணத்தில் போட்ட படிக்கட்டில்தான்
என் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன்.

மாலையில் மேட்டுக்குக் கூட்டிப்போனார்.
மூங்கில் தாண்டிக் கல்லறை.
எழுத்துகளுக்குப் புதிதாகச் சிவப்புப் பூசியிருந்தது.
உள்ளே எலும்பு இல்லை.
ஒரு சட்டை, ஒரு வெள்ளிக் காசு,
பெயர் எழுதிய செங்கல்.
வருஷா வருஷம் ஏப்ரலில்
களை பிடுங்கி, பெருக்கி, கோழி படைத்து
அந்தச் சட்டையைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

நான் போனை எடுத்துக் காட்டினேன்.
சிக்லாயோ, பழைய கல்லறைத் தோட்டம்,
சுவரில் நாலாவது அடுக்கு, மாடம் எண் 318.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
படத்தை இரண்டு விரலால் விரித்தார்.
பெயரை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனார்:
உடைந்த பூச்சாடி, புறா எச்சம்,
வாடகை பாக்கி என்று நகராட்சி ஒட்டிய மஞ்சள் தாள்.
அதை அவரால் படிக்க முடியாது, நல்ல வேளை.
ஏதோ கேட்டார்.

"அங்கே யார் பெருக்குகிறார்கள்?"

நாங்கள்தான், என்றேன். வாரம் தவறாமல்.

கிட்-ஹோய் மஞ்சள் தாளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
மூன்று சொல்லை மொழிபெயர்க்க
ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.