இருபத்தொன்பதாவது நிமிடம்

லங்னவ்வில் இரவு மூன்று மணி.
சூப்பி காலி. நிதுலா என் இடது தோளில்,
நிமிர்த்தியபடி, அரைமணி நேரம்.
சாய்த்தால் எல்லாம் திரும்பி வரும்.

பகலில் நான் சீஸ் தொழிற்சாலையில்
சக்கரம் சக்கரமாய்ப் புரட்டுகிறவன்:
உப்புத்தண்ணீரில் துடை, மறுபக்கம் திருப்பு.
இந்த ஊரில் மாட்டுக்கு மணி உண்டு, பெயர் உண்டு,
தொழுவ வாசலில் பூந்தொட்டியும் உண்டு.
என் மகளுக்கு அதில் ஒரு சொட்டு ஆகாது.

ஆறு கிழமை தெரியாமலே கொடுத்தோம்.
வில்லாய் வளைந்து அழுதாள்.
நப்பியில் நூல் நூலாய் இரத்தம்.
ஜீவிதா தேநீரில் பாலை விட்டாள், தயிரை விட்டாள்,
பிஸ்கட் பெட்டிகளின் பொடி எழுத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து வாசித்தாள்.

டொக்டர் வூத்ரிச் சொன்னார்:
பசுப்பால்தான். பயப்படாதீர்கள்,
வளர வளர அநேகமாய் மாறிவிடும்.
வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நல்லவேளை, அதை டொய்ச்சில்
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

புது மா கசக்கிறது, நக்கிப் பார்த்தேன்.
அவித்த உருளைக்கிழங்கும் துருவும் கலந்த மணம்.
இப்போது இவள் கழுத்து மடிப்பிலும் அதுதான்.
பால்மணம் மாறாத பிள்ளை என்பார்களே,
இவளுக்கு நாலு மாதத்தில் மாறிவிட்டது.
மோந்து மோந்து எனக்கும் பிடித்துவிட்டது.

இருபத்தொன்பதாவது நிமிடம்.
கதவு சாத்தியதுபோல் ஓர் ஏப்பம்.
மூச்சடக்கித் தொட்டிலுக்குக் குனிகிறேன்,
முதுகில் சூடாய் வழிகிறது.

பாதிதான், என்கிறேன்,
பாதி உள்ளே இருக்கிறது.
பழகிய கை
மறுதோளுக்குத் திருப்புகிறது.
ஒன்று. இரண்டு.