துருவின் விலை

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் வயிரவன்
அந்த விதைப்புக் கருவிக்கு இரண்டு விலை வைத்திருந்தார்.
அலங்காரத்துக்கென்றால் பதினெட்டாயிரம்.
உழைக்க வைப்பதற்கென்றால்
இரும்பு எடை, கிலோ நாற்பத்திரண்டு.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார்,
கானாடுகாத்தான் பக்கம்
பங்காளிகள் பூட்டிப்போட்ட வீட்டை
விடுதியாக்கியவரின் ஆள்.
புல்தரையில் நிறுத்தி
விதைப்பெட்டியில் காகிதப்பூச்செடி வைப்பார்களாம்.
"துரு உதிரக்கூடாது, மேலே வார்னிஷ் அடிக்கணும்"
என்று படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.
கடைக்குள் டவர் கிடைக்கவில்லை.
தெருமுனைக்குப் போய் அவர் திரும்புவதற்குள்
தராசில் ஏற்றச் சொன்னேன்.
நூற்று நாற்பத்துமூன்று கிலோ.
ஆறாயிரத்து ஆறு.
ஆறு ரூபாயை விட்டுக்கொடுத்தார் வயிரவன்,
பெரிய மனதோடு.

"ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் ஊன்ற
நாலு ஆள் போதுமே" என்றார் சாத்தையா.
"நாலு பேரைக் காட்டுங்க" என்றேன்.
வீட்டுக்காரர் வாயை மூடி
டீசல் கேனைத் திறந்தது அப்போதுதான்.

மூன்று நாள் ஊறப்போட்டோம்.
நான்காம் நாளும் நட்டு அசையவில்லை.
ஐந்தாம் நாள் கீச்சென்றது,
எங்கள் பட்டறையில் நின்ற நாய் எழுந்து போனது.
விதைக்குழாய்க்குள் குளவி கட்டிய மண்கூடு,
அறை அறையாய்ப் பச்சைப் புழு.
அதுவும் ஒரு சீரான விதைப்புத்தான்,
இடைவெளியில் குறை சொல்ல முடியாது.

பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததென்று
வயிரவன் சத்தியம் செய்திருந்தார்.
உப்புத்தாள் மூன்றாவது தேய்ப்பில்
வார்ப்பு எழுத்து தெரிந்தது:
கோயமுத்தூர்.
தேய்க்கத் தேய்க்க
அதன் மதிப்பு தரையில் கொட்டியது,
செம்மண் நிறத்தில்.
பெருக்கி முருங்கை மரத்தடியில் போட்டேன்.

விதைத்தட்டு மட்டும் பிழைக்கவில்லை.
கல்லலில் லேத் வைத்திருக்கும் சிக்கந்தர்
"விதையைக் கொண்டாக்கா, அப்புறம் தட்டு" என்றார்.
தீப்பெட்டியில் கொண்டுபோன விதைகளில்
தடித்த ஒன்றைப் பொறுக்கி
நகைக்கடைக்காரர் போல் வெர்னியரில் பிடித்தார்.
நைலான் வட்டம், பதினாறு துளை.
சாணுக்கு ஒரு விதை.

நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் ஓட்டிப் பார்த்தோம்.
டக். டக். டக்.
எண்ணலாமென்று திரும்பினால்
பின்னால் ஏழு கோழிகள்,
கணக்கை அலகால் அழித்துக்கொண்டு.
ஓடுகிறது, போதும் என்றார் சாத்தையா.

புரட்டாசியில் இரண்டாவது மழை விட்ட மறுநாள்
பவர் டில்லரில் பூட்டினோம்.
சரளைக்கல்லில் கொழு இரண்டு முறை எகிறியது.
ஒரு பின் முறிந்தது;
சைக்கிள் ஆணி மாட்டினேன்.
பதினோரு மணிக்கெல்லாம் வேலை முடிந்து
என்ன செய்வதென்று தெரியாமல்
இருவரும் வரப்பில் நின்றோம்.

ஆறாம் நாள் முளை தெரிந்தது.
சாத்தையா குனிந்து குனிந்து எண்ணினார்,
பதினைந்து பயிர், ஒரு வெற்றிடம்.
பதினைந்து, ஒரு வெற்றிடம்.
காடு முழுக்க அதே கணக்கு.
"பதினாறும் பெறலையே உன் மிஷின்"
என்று வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.
இரண்டு பிள்ளை பெற்ற எனக்கும்
சிரிப்பு வந்துவிட்டது.

போனில் சிக்கந்தர் சிரிக்கவில்லை.
ஒரு துளை அரை நூல் குறைவாக விழுந்திருக்கும்,
தட்டைக் கழற்றிக் கொண்டா, காசு வேண்டாம் என்றார்.

வெற்றிடங்களில் கம்பியால் குத்தி
தட்டைப்பயறு போட்டுக்கொண்டே போனேன்.
பாதிக் காட்டில் தூறல் பிடித்தது.
ஓடிவந்து மிஷினை உரச்சாக்கால் மூடினேன்.
கைப்பிடி வரை எட்டவில்லை.
விடிவதற்குள் அங்கே துரு பூக்கும்.
பூக்கட்டும்,
உப்புத்தாளில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.