அகலம்

இரண்டு பனைக்கு நடுவே
இருபது மீட்டர் செம்புக் கம்பி.
தெற்குப் பனை எனக்கு.
வடக்கே உள்ளது செல்லக்கனி வகையறாவுக்கு,
வருசம் ஐந்நூறு வாடகை.
ஓலை வெட்டும்போது கம்பி அறுந்தால்
கேட்கக் கூடாது.

பகலில் மோட்டார் காயில் கட்டுகிறேன்
திசையன்விளை பஜாரில்,
ராஜபுஷ்பம் ரீவைண்டிங்.
ராத்திரி ஏழரைக்கு மேல்
ஏழு மெகாஹெர்ட்ஸ்.
வி யூ மூன்று, பின்னால் மூன்றெழுத்து,
அங்கே அதுதான் என் பேர்.

வள்ளியூர் ஆறுமுகநயினார்தான் முதலில் சொன்னார்:
"நல்லாக் கேக்கு. ஆனா அகலமா வருது.
மேலயும் கீழயும் மூணு மூணு கிலோஹெர்ட்ஸ்
உங்க சத்தந்தான் செதறிக் கெடக்கு.
பக்கத்துல பேசுன யாழ்ப்பாணத்துக்காரரு
ஒதுங்கிப் போயிட்டாரு."
பதில் சொல்லாமல் செட்டை அணைத்தேன்.
மைக் கெயின் முழுசாகத் திருகியிருந்தது.
ஆடிக் காற்றில் தகரக் கூரையை மீறிப் பேசிப்
பழகிய வாய் இது.

அந்த வெள்ளி, உபவாச ஜெபத்தில்
மூன்றாம் வீட்டுச் சபையின் ஸ்பீக்கர்
தானாகப் பேசியது.
வாத்துத் தொண்டை, தகரக் குரல்,
ஒரு சொல்லும் பிரியவில்லை.
பின்வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள்.
அந்நிய பாஷை என்று இரண்டு பேர் அழுதார்கள்.
ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ஞானசிகாமணி அழவில்லை.
என் ஜன்னலில் விளக்கு எரிந்தால் பாஷை வருகிறது,
கொஞ்சம் பேசுகிறது,
கொஞ்சம் நிறுத்துகிறது,
திரும்பப் பேசுகிறது.

வாசலில் வந்து நின்றான்.
"பரிசுத்த ஆவி
ரிப்ளைக்குக் காத்து நிக்காதுல்லாக்கா?"

குற்றம் உன் ஒயரில் என்றேன்.
பொய்யில்லை.
நாற்பதடி ஸ்பீக்கர் ஒயர், மலிவு ரகம்,
திரைச்சீலைக்குப் பின்னால் துணிக்கொடி மாதிரி,
என் கம்பிக்கு நேர் இணையாக.
அதுவும் ஆன்டெனாதான்,
யாரும் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அவ்வளவே.
ஏணியை அவன் பிடித்தான்.
ஃபெரைட் வளையத்தில் ஒயரை ஒன்பது சுற்று சுற்றினேன்.
காயில் கட்டுகிற கை, எண்ணத் தேவையில்லை,
ஆனாலும் எண்ணினேன்.

பிறகு என் பக்கத்துக் குற்றம்.
தேரி மணல் எர்த் பிடிக்காது.
எட்டடிக் கம்பி இறக்கி
உப்பும் அடுப்புக்கரியும் போட்டு
ஏழு குடம் ஊற்றினேன்.
குடித்துவிட்டு இன்னும் கேட்டது மணல்.
பிஸ்கட் டின்னுக்குள் ஒரு ஃபில்டர்,
பதினாலிலும் இருபத்தொன்றிலும்
என் பேரைச் சொல்லித் திரிகிற பேய்களுக்கு.
கோஆக்ஸைப் பிவிசி குழாயில் சுருட்டி ஒரு சோக்.

இதெல்லாம் சாமான் வேலை.
கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கத்தான்
மூன்று நாள் ஆனது.
மீட்டர் முள் பாதியில் நின்றுகொண்டது.
வாயில் துணி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.
கூப்பிட்டேன்.
ஆறுமுகநயினார் கேட்டார்:
"பவர் கூட்டுனியளா? தெளிஞ்ச தண்ணியா இருக்கு."

அடுத்த வெள்ளி
யாழ்ப்பாணத்துக்காரர் திரும்பி வந்திருந்தார்,
எனக்கு அடுத்த அலைவரிசையிலேயே, இடிக்காமல்.
போய் மன்னிப்புக் கேட்டேன்.
அவர் அதை விட்டுவிட்டு
பனைக்கா வாடகை என்று சிரித்தார்.
நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில்
கதவு தட்டினான் ஞானசிகாமணி.

"இன்னைக்குப் பேசலையாக்கா?"
"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கையிலிருந்த மைக்கைப் பார்த்தான்,
சபைப் பக்கம் காது வைத்துப் பார்த்தான்.
பாஸ்டர் குரல் மட்டும்.
போகாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"இல்ல... பின்வரிசைக்காரவ
ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருக்காவ."