தேவை முடிந்தது

வர்தோவில் ஜனவரி என்றால்
காலை பத்து மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும்.
நகராட்சி வேன். பின்னால் இரண்டு கம்பளி, ஒரு தள்ளுவண்டி,
கட்டிலைக் கழற்ற ஆறாம் நம்பர் சாவி.

நோயாளிக்கு இரவல் கொடுத்ததை
அவர் போன பிறகு வாங்கி வருவது என் வேலை.
போன பிறகு என்று தாளில் எழுத மாட்டார்கள்.
"தேவை முடிந்தது" என்று இருக்கும்.

முதல் வருஷம் மறுநாளே போய் நின்றேன்.
ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண்
என் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதற்குப் பிறகு ஒன்பது நாள் விட்டுத்தான் போன் செய்கிறேன்.
ஒன்பது என்று யாரும் சொல்லவில்லை.
நானாக வைத்துக்கொண்டது.

இன்று அஸ்பியோர்னின் வீடு.
மகன் எய்லெர்ட் ஏற்கெனவே
விரிப்பையெல்லாம் உருவி மூட்டை கட்டிவிட்டான்.
அவனுக்கு நான் சீக்கிரம் முடிக்க வேண்டும்.
அவன் அம்மா சோல்ஃப்ரிட்டுக்கு நான் காபி குடிக்க வேண்டும்.
இருவருக்கும் நடுவில் நின்று
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றினேன்.
பூட்ஸைக் கழற்றியவன் லேசில் கிளம்பமாட்டான்,
அது அவனுக்கும் தெரியும்.

மேஜையில் அக்கம்பக்கத்தார் கொடுத்த ஏழு கேக்.
ஒன்றிலும் கத்தி படவில்லை.

ஆறுதல் சொல்ல வராத வாய் எனக்கு.
கட்டில்காரனுக்குக் கட்டிலைப் பற்றித்தான் கேட்கத் தெரியும்:
எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்?

"ஜன்னல் பக்கம்" என்றாள்.
"சுவர்ப் பக்கம்" என்றான்.

பகலில் இருந்தவள் அவள். இரவில் இருந்தவன் அவன்.
அதை இப்போதுதான் கண்டுபிடித்தவர்கள் போல
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மூணு மணிக்குக் கடல் வானிலை கேட்பார்" என்றான்.
"படகை வித்துப் பதினோரு வருஷம் ஆச்சே."
"ஆனாலும் கேட்பார்."
"எனக்குத் தெரியாதே."
"உன்னை எழுப்ப வேண்டாம்னு சொல்வார்."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
சர்க்கரை போடாத காபி.

அப்போது பேத்தி யோருன் ரிமோட்டை அமுக்கிவிட்டாள்.
முனகிக்கொண்டு எழுந்தது தலைப்பக்கம்,
யாரோ உட்காரப் பார்ப்பது மாதிரி.
எய்லெர்ட் பாய்ந்தான்.
"விடு" என்றாள் சோல்ஃப்ரிட்,
"இன்னும் கொஞ்சம் தூக்கு, கண்ணு.
அந்த உயரத்தில் தாத்தாவுக்கு ரேடியோ எட்டாது."

முதலில் சிரித்தது எய்லெர்ட்தான்.
சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.
கட்டி வைத்த மூட்டையின் மேல் உட்கார்ந்து
நாற்பத்தாறு வயதுக்காரன்
மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான்.
அழுகிறவனைப் பார்க்காமலும்
அந்த அறையை விட்டுப் போகாமலும் இருக்க
எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.
என் கோப்பையில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்தேன்.

பிறகு கணக்கு.
கட்டில் ஒன்று. மெத்தை ஒன்று.
நடைச்சட்டம் ஒன்று, வலது சக்கரம் தேய்ந்தது.
சாய்வுத் தலையணை...
சோல்ஃப்ரிட்டின் முதுகுக்குப் பின்னால்
அதன் நீல மூலை தெரிந்தது.
அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்கு வந்தவள் போல.
"காணவில்லை" என்று எழுதி
கையெழுத்துக்கு நீட்டினேன்.
படித்தாள். போட்டாள்.

கட்டிலின் இன்னொரு முனையை எய்லெர்ட் பிடித்தான்.
கம்பளத்தில் சக்கரம் அழுத்திய நாலு பள்ளம்.
"இது போயிடுமா?"
சில வீட்டில் போகிறது என்றேன்.

கேக் ஒன்றை முன் இருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டிவிட்டது யோருன்.
கடலடிச் சுரங்கத்தில் அது சரியாமல் இருக்க
மெதுவாகவே ஓட்டினேன்.
வியாழக்கிழமை இதே கட்டில் கீபெர்குக்குப் போகிறது.
அதை இந்த வீட்டில் சொல்வதில்லை, அந்த வீட்டிலும்.

வருஷத்துக்கு இத்தனை தலையணை எங்கேதான் போகிறது என்று
மேலாளர் துரீட் கேட்பாள்.
காற்று என்பேன்.
இந்த ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது.